தோட்டக்காரரின் முதற் கருவி

பேராதனைக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து இளைஞர் ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார். உயர்தர வகுப்பு வரை படித்தவர்; கண்டியிலே கடையொன்றில் இரண்டாண்டு காலம் கணக்கெழுதியவர். பேராதனை, கெட்டம்பே, கன்னொறுவை முதலிய இடங்களிலுள்ள வீட்டுத் தோட்டங்களுக்குக் கிழமைதோறும் சென்று, அவற்றைத் துப்புரவாக வைத்துக் கொடுக்கும் சிறு தொழிலொன்றைத் தொடங்க இப்பொழுது எண்ணியிருக்கின்றார். ஐந்து வீட்டார் ஏற்கெனவே இசைந்துள்ளனராம். புல் வெட்டும் இயந்திரம் ஒன்று வாங்குவதற்காகத் தாயாரின் சங்கிலியை அடகு வைக்கப் போவதாகவும், எந்த இயந்திரத்தை வாங்கலாமென்று நாம் கூற வேண்டுமென்றும் கேட்டிருக்கின்றார்.

கடிதத்தின் அடியிலே, கேள்வியோடு தொடர்பில்லாதது போல, இன்னொரு செய்தியும் இருக்கின்றது. அவருடைய தந்தையார் முப்பது ஆண்டுகள் கவ்வாத்து வெட்டியவர். அவருடைய கத்தி இன்னமும் லயத்துக் கூரையிலே செருகப்பட்டிருக்கின்றது. அதை எடுத்துக்கொண்டு பிறர் வீட்டுக்குப் போகத் தமக்கு மனம் கூசுகின்றது என்கிறார்.

முதலிலே அவருடைய கேள்விக்கு விடை கூறிவிடுகின்றோம். சங்கிலி தாயாரின் கழுத்திலேயே இருக்கட்டும். இயந்திரம் இப்பொழுது வேண்டாம். ஏன் வேண்டாம், அதற்குப் பதிலாக எவை வேண்டும் என்பவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது.

இத்தொழிலுக்குப் பேராதனையை விடப் பொருத்தமான இடம் இலங்கையிற் கிடைப்பது அரிது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு அடி உயரத்திலே, மகாவலி கங்கை வளைந்தோடும் இடத்தில் அமைந்த ஊர் இது. ஆண்டிலே சுமார் இருநூறு நாட்கள் மழை பெய்கின்றது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தால் மாலை நேரத்து இடிமழை; அதன்பின் வடகீழ்ப் பருவமழை. ஆகையால் இங்கே புல் உறங்குவதேயில்லை. யாழ்ப்பாணத்திலே நெடுங்கோடையிற் புல் கருகித் தோட்டக்காரனுக்கு ஓய்வு கொடுக்கும். பேராதனையிலே அப்படியொரு ஓய்வு இல்லை. வேலை கேட்பவனுக்கு இது நல்ல செய்தி. ஆனால் அதே மழைதான் இயந்திரத்துக்கும் இரும்புக்கும் பகையாகவும் இருக்கின்றது. ஈரப்புல் இயந்திரத்திலே சுற்றிக்கொள்ளும். இரவு வெளியிலே கிடந்த மண்வெட்டியிற் காலையிற் கறள் படிந்திருக்கும். கருவியைத் தெரிந்தெடுப்பவர் இந்த இருநூறு நாட்களையும் மனத்தில் வைத்தே தெரிந்தெடுக்க வேண்டும்.

பேராதனைப் பூங்காவைப் பார்க்காத மாணவர் எமது வாசகருள்ளே குறைவாகவே இருப்பர். அலெக்சாந்தர் மூன் என்பவர் 1821ஆம் ஆண்டிலே களுத்துறையிலிருந்த தாவரத் தோட்டத்தை இங்கே கொண்டுவந்தார். இன்று 147 ஏக்கர் பரப்புடைய அப்பூங்காவைத் திருத்தத் தொடங்கிய காலத்திலே புல் வெட்டும் இயந்திரம் என்ற ஒன்று உலகிலேயே இருக்கவில்லை. இங்கிலாந்திலே எட்வின் பட்டிங் என்பவர், துணியாலையிலே துணியின் மேலெழுந்த நூற்பிசிறுகளைச் சீவும் பொறியைக் கண்டு, அதே முறையாற் புல்லையும் சீவலாமே என்றெண்ணி முதற் புல்வெட்டும் பொறிக்கு உரிமம் பெற்றது 1830ஆம் ஆண்டிலேதான். பேராதனையின் முதற் கருவிகள் கோடரியும் கத்தியும் மண்வெட்டியுமே. அவற்றுள்ளும் மண்வெட்டி இந்நாட்டு ஆங்கிலேயரின் நாவையும் வென்றுவிட்டது. அவர்கள் அதற்குத் தம் மொழியிலே சொல் தேடாமல் ‘மமோட்டி’ என்றே எழுதலாயினர். இலங்கை ஆங்கிலத்தில் இன்றும் அச்சொல்லே வழங்குகின்றது. அலவாங்கு என்னும் சொல்லையோ நாம் போர்த்துக்கேயரிடமிருந்து பெற்றோம். கருவிகளோடு சொற்களும் கைமாறியிருக்கின்றன.

இனி இயந்திரத்தைப் பற்றிப் பார்ப்போம். கண்டிப் பகுதியிலே இன்று பெரும்பாலும் காணப்படுவது, தோளிலே மாட்டிக்கொண்டு வீசும் பெற்றோற் புல்வெட்டியாகும். சுழலும் நைலோன் நூலாற் புல்லை அறுக்கும் இவ்வகைப் பொறியை 1971ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரத்து ஜோர்ஜ் பல்லாஸ் என்பவர் ஆக்கினார். மோட்டார் வண்டி கழுவும் நிலையத்திலே சுழலும் தூரிகைகளைக் கண்டபோது அவருக்கு அந்த எண்ணம் தோன்றியதாம். பொறி நல்லதே, பரந்த புல்வெளியில் ஒருவர் நாள் முழுவதும் செய்யும் வேலையை ஒரு மணி நேரத்திலே முடித்துவிடும். அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் அன்பருக்குக் கிடைத்திருப்பவை ஐந்து வீட்டுத் தோட்டங்கள். மலைச்சரிவிலே படிபடியாக வெட்டப்பட்ட பாத்திகளும், வீட்டு முன்றிலிலே பாய் விரித்தாற்போன்ற சிறு புற்றரையுமே அவற்றில் இருக்கும். அங்கே இயந்திரத்துக்குரிய வேலை கிழமையில் இரண்டு மணி நேரம்கூட வராது. மிச்ச நேரமெல்லாம் அது மூலையிலே கிடக்க, அடகின் வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

வட்டி ஒருபுறமிருக்க, பெற்றோலைப் பற்றியும் நாம் பட்டறிந்திருக்கின்றோம். 2022ஆம் ஆண்டிலே நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியபோது பெற்றோல் நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அவ்வாண்டு ஜூலை மாதத்திலே பங்கீட்டு முறை வந்தபோது, தொடக்கத்தில் வாகனத்துக்கென்றே எரிபொருள் அளந்து கொடுக்கப்பட்டது. புல்வெட்டிக்கு இலக்கத் தகடு ஏது? அந்த நாட்களிலும் புல் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. புல்லரிவாள் வைத்திருந்தவர் வேலைக்குப் போனார்.

பழகாத கையிலே இப்பொறி செய்யும் கேடு ஒன்றையும் சொல்ல வேண்டும். இளமரத்தின் அடியிலே முளைத்த புல்லை நூலால் வெட்டும்போது நூல் பட்டையிலும் படும். ஒருமுறை பட்டால் வடு. கிழமைதோறும் பட்டால் பட்டை சுற்றிலும் அறுந்துவிடும். இலையிலே ஆக்கப்படும் உணவு பட்டையின் உட்புறத்து வழியாகவே வேருக்கு இறங்குகின்றது. அவ்வழி அறுந்தால் வேர் பட்டினி கிடந்து, சில மாதங்களிலே மரம் பட்டுப்போகும். வீட்டுக்காரர் பத்தாண்டு வளர்த்த மங்குஸ்தான் மரம் ஏன் காய்ந்ததென்று தெரியாமல் உரக்கடையை நொந்துகொள்வார். மேலும், சுழலும் அலகு தெறிக்கும் கல் நெடுந்தூரம் பாயும். பதினைந்து மீற்றருக்குள் ஒருவரும் நிற்கலாகாது என்பது அப்பொறிகளோடு வரும் அறிவுறுத்தல். குழந்தைகள் ஓடியாடும் முற்றத்திலே அது எளிதன்று. ஆகவே, பெரிய புற்றரை கிடைக்கும் நாட்களில் இயந்திரத்தை ஆளோடு வாடகைக்கு அமர்த்திக்கொள்ளட்டும். வாடகையாக மாதந்தோறும் எவ்வளவு கொடுக்கின்றார் என்பதைக் குறித்து வரட்டும். கணக்கெழுதியவருக்கு இதை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அத்தொகை எப்பொழுது இயந்திர விலையை எட்டிப் பிடிக்கின்றதோ, அப்பொழுது சொந்தமாக வாங்கலாம்.

அப்படியாயின் முதலில் வாங்க வேண்டிய கருவி எது? அரம். எட்டு அல்லது பத்து அங்குல நீளமுள்ள தட்டை அரம் ஒன்று. அதற்கு ஒரு மரப்பிடி. இதைக் கேட்டுச் சிரிப்போரும் இருப்பர். எந்தக் கடையிலும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் இச்சிறு பொருள் இல்லாவிட்டால், மற்றெல்லாக் கருவிகளும் மூன்றே மாதத்தில் வெறும் இரும்பாகிவிடும். மழுங்கிய மண்வெட்டி வேரை அறுப்பதில்லை, பிய்க்கின்றது. மழுங்கிய கத்தரி கிளையை வெட்டுவதில்லை, நசுக்குகின்றது. வெட்டுபவரின் தோளும் மாலையிலே அதை அவருக்கு உணர்த்தும். அரம் முன்னே தள்ளும்போது மட்டுமே தேய்க்கும். பின்னே இழுக்கும்போது அழுத்தினால் அரத்தின் பல்தான் தேயும். ஆகவே தள்ளுக, தூக்குக, மீண்டும் தள்ளுக. அலகிலே ஏற்கெனவே உள்ள சாய்வு எதுவோ அதையே பின்பற்ற வேண்டும். தட்டையான மறுபக்கத்தைத் தொடக்கூடாது. காலையிலே பத்துத் தேய்ப்பு, மாலையிலே துடைத்து ஒரு துளி தேங்காயெண்ணெய். பேராதனையின் ஈரக்காற்றுக்கு அந்த எண்ணெய் கட்டாயம்.

அடுத்தது மண்வெட்டி. கடைக்காரர் எடுத்துத் தரும் முதல் மண்வெட்டியை வாங்க வேண்டாம். ஒரு கல்லின்மேல் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும்; நல்ல உருக்கு மணிபோல் ஒலிக்கும், வெடிப்புள்ளது மந்தமாக ஒலிக்கும். பிடி நுழையும் கண் அலகோடு ஒட்டிய இடமே முதலில் உடையும் இடம். அங்கே ஒட்டுத் தெரிந்தால் விட்டுவிடலாம். கனத்த மண்வெட்டிதான் உரமானதென்பது தவறான எண்ணம். வரம்பு கட்டுபவருக்குக் கனம் வேண்டும். பூப்பாத்தியிலே நாள் முழுவதும் கொத்துபவருக்கு இலேசானதே வேண்டும். பிடி தம் உயரத்துக்கு ஏற்றதாயிருத்தல் அவசியம். கடைப்பிடியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தாமே ஒரு நல்ல காட்டுத்தடியைச் சீவிப் போடும் பழைய தொழிலாளரை நாம் கண்டிருக்கின்றோம். முதுகு நோவு வராத இரகசியம் அதுவே.

கிளை வெட்டும் கைக்கத்தரி, கடையிலே செக்கட்டியர் என்று கேட்டாற் கிடைப்பது, இரண்டு வகை. ஒன்றிலே இரண்டு அலகுகளும் சாதாரணக் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று கடந்து செல்லும். மற்றதிலே கூரிய அலகு பட்டடை போன்ற தட்டையான இரும்பின்மேல் வந்து முட்டும். பச்சைக் கிளைக்கு முதலாவதே ஏற்றது. இரண்டாவது தண்டை நசுக்கிவிடும், காய்ந்த குச்சிக்கு வேண்டுமானால் உதவும். மலிவாயிருக்கின்றதென்று இரண்டாவதை வாங்கி ரோசாச் செடிகளைக் கெடுத்தோர் பலர். பெருவிரற் பருமனுக்கு மேற்பட்ட கிளையைக் கத்தரியாலே திருகி வெட்ட முயலக்கூடாது. அதற்கு வளைந்த கைவாள் ஒன்று வேண்டும். இழுக்கும்போது அறுக்கும் பல்லுடைய வாளாக இருத்தல் நலம். மரத்திலே ஏணிமேல் நிற்பவருக்குத் தள்ளுவதை விட இழுப்பது காவல்.

வாளைப் பிடிப்பவர் ஒரு செய்தியை அறிந்திருக்க வேண்டும். மரம் தன் புண்ணை எமது தோலைப் போல ஆற்றிக்கொள்வதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளே சுவரெழுப்பி அடைத்துக்கொள்கின்றது. அமெரிக்க வனவியல் அறிஞர் அலெக்ஸ் சைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கே பிளந்து பார்த்து இதனை விளக்கினார். கிளை அடிமரத்தோடு சேருமிடத்திலே வளையம் போன்ற தடிப்பொன்று இருக்கும். அதை ஒட்டி, ஆனால் அதைக் காயப்படுத்தாமல் வெட்டினால் மரம் விரைவிலே மூடிக்கொள்ளும். அழகுக்காக அடிமரத்தோடு சமமாகச் சீவினால் அந்தச் சுவர் எழும்புமிடமே போய்விடும். பெரிய கிளையாயின் மூன்று வெட்டு: முதலிலே சற்றுத் தள்ளி அடிப்புறத்தில் ஒரு கீறல், அதற்கும் அப்பால் மேலிருந்து வெட்டிப் பாரத்தைக் கீழே விடுதல், பின்னரே தடிப்பை ஒட்டிய முடிவான வெட்டு. முதல் இரண்டையும் விட்டுவிட்டால் கிளை விழும்போது பட்டையை அடிவரை உரித்துக்கொண்டே விழும். தார் பூசுவதும் வேண்டியதில்லை.

கண்டி வீடுகளிலே அந்தூரியம் வளர்ப்போர் பலர். அச்செடிக்கு வரும் பற்றீரிய நோயொன்று, பூ வெட்டும் கத்தியிலேறியே செடிக்குச் செடி பரவுகின்றது. ஐந்து வீட்டுக்கும் ஒரே கத்தரியோடு செல்பவர் ஒரு வீட்டு நோயை நான்கு வீட்டுக்குத் தூக்கிச் செல்லலாம். ஆகையாற் சிறு போத்தல் ஒன்றிலே மதுசாரமும் ஒரு துணித்துண்டும் பையில் இருக்கட்டும். வீடு மாறும்போதெல்லாம் அலகைத் துடைக்க வேண்டும், அந்தூரியத்துக்குச் செடி மாறும்போதெல்லாம். வீட்டுக்கார அம்மா இதைக் கண்டால் அடுத்த வீட்டிலும் சொல்வார்.

தள்ளுவண்டி வேண்டுமா என்று கேட்கலாம். சமநிலத்துக்கு வேண்டும், படிக்கட்டு ஏறும் பேராதனைத் தோட்டத்துக்கு வேண்டாம். இரண்டு நல்ல சாக்கும் ஒரு கூடையும் போதும். ஈர்க்கு விளக்குமாறும் இரும்பு வாரியும் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். வேலிச் செடிகளுக்கு நீண்ட பிடியுள்ள கத்தரி ஒன்றை இரண்டாம் மாதத்திலே வாங்கலாம். களைநாசினி தெளிக்கும் கருவியை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். வீட்டு முற்றத்திலே கோழியும் குழந்தையும் திரிகின்றன.

சுரண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்திலே பிறந்தவருக்கு அது பழகிய கருவி. களையை வேரோடு சுரண்டிவிட்டால் நிலம் பெருக்கிய வீடு போலத் துப்புரவாகத் தோன்றும். கோப்பிக் காலத்திலிருந்தே துரைமார் அந்தத் துப்புரவைத்தான் விரும்பினர். ஆனால் அம்மணமான சரிவின்மேல் மழை இறங்கியபோது மேல்மண் மலையை விட்டுப் போயிற்று. மண் பாதுகாப்புக்கென்று 1951ஆம் ஆண்டிலே சட்டமே இயற்ற வேண்டி வந்தது. பேராதனைக்குக் கீழே பொல்கொல்லையில் 1976ஆம் ஆண்டிலே மகாவலிக்குக் குறுக்கே கட்டப்பட்ட அணையிலே சேறு எவ்வளவு விரைவாகப் படிந்ததென்பதை மாணவர் பாடநூலிலும் படித்திருக்கலாம். ஆகையாற் சரிவான தோட்டத்திலே சுரண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு அரிவாளை எடுத்துச் செல்லட்டும். புல்லை மூன்று விரல் உயரம் விட்டு அறுத்தால் வேர் மண்ணைப் பிடித்திருக்கும். அறுத்த புல்லைச் செடியடியிலே பரப்பிவிடலாம். வீட்டுக்காரர் இதைச் சோம்பலென்று எண்ணக்கூடும்; ஒருமுறை காரணம் சொன்னால் விளங்கிக்கொள்வார்.

உடலையும் கருவியோடு சேர்த்தே எண்ண வேண்டும். முழங்கால் வரை வரும் இறப்பர் சப்பாத்து அட்டைக்கு மட்டுமன்று. எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காலிலுள்ள சிறு காயத்தின் வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். அது உயிரையும் கொள்ளும். மழைக்காலத்திலே சேற்றில் வேலை செய்வோருக்கு அதைத் தடுக்கும் மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாயிலாகப் பெறலாம். காய்ச்சலும் உடல் நோவும் கண்டால் ‘தோட்டத்திலே வேலை செய்கின்றேன்’ என்று வைத்தியரிடம் முதலிலேயே கூற வேண்டும். இன்னொன்று: பூச்சாடித் தட்டு, தென்னஞ்சிரட்டை, கூரைப் பீலி ஆகியவற்றிலே தேங்கிய நீரை ஒவ்வொரு வருகையிலும் கவிழ்த்துவிடட்டும். நுளம்பு பெருக விடுவோரைத் தண்டிக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கின்றது. டெங்குக்கு அஞ்சும் வீட்டார் இந்த ஒரு வேலைக்காகவே இவரை நிறுத்த மனமொப்பார்.

கடிதத்தின் அடியில் இருந்த செய்திக்கு இப்பொழுது வருகின்றோம். கவ்வாத்து என்பது சிறு வேலையன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியின் தலையை ஒரே மட்டமாக இறக்கி, நோயுற்ற கொம்பை நீக்கி, அடுத்த தளிர் எங்கே எழும்ப வேண்டுமென்று பார்த்து வெட்டுவது அது. ஒரே வீச்சிலே, பிளவுபடாமல், மழைநீர் தேங்காதவாறு சாய்வாக வெட்டும் கையைப் பெறப் பல ஆண்டு செல்லும். அந்தக் கை அன்பரின் வீட்டிலேயே இருக்கின்றது. எந்தக் கடையிலும் அது விலைக்குக் கிடையாது. கத்தியைக் கூரையிலிருந்து எடுத்துத் தந்தையாரிடம் கொடுத்து, வீட்டுக்குப் பின்னாலுள்ள செவ்வரத்தை வேலியிலே ஒரு காலைப் பொழுது வெட்டிக் காட்டும்படி கேட்கட்டும். எந்த முளைக்கு மேலே, எவ்வளவு சாய்வாக, எந்தக் கையசைவோடு வெட்டுகின்றார் என்பதை அருகில் நின்று பார்க்கட்டும். அரம் பிடிப்பதையும் அவரே காட்டிக் கொடுப்பார். முதல் மாதம் அவரையும் ஒரு வீட்டுக்கு அழைத்துச் செல்ல முடிந்தால் இன்னும் நல்லது. முடியாவிடின் அது குடும்பத்தார் தீர்மானிக்க வேண்டியது.

வாங்கிய கருவிகளின் பிடியிலே சிவப்பு வர்ணம் பூசிவிடும்படி அன்பருக்குச் சொல்ல மறந்துவிட்டோம். பச்சைப் புல்லிலே வைத்த கைக்கத்தரி மாலையிலே கண்ணுக்குத் தெரியாது; பேராதனையில் ஒரு கிழமை மழையிலே கிடந்தால் அதைக் கண்டெடுத்தும் பயனில்லை.